சம்பள உயர்வைத் திருப்பிக் கொடுத்தவர்

ஏப்ரல் மாதம் சம்பள உயர்வுக் கடிதம் கொடுக்கும் நாளை அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் உள்ள அந்தக் கம்பெனியில் ஒரு விசேஷமாகவே கொண்டாடுவார்கள். கேன்டீன் மேசைகளை ஓரமாகத் தள்ளி, நாற்காலி போட்டு, மைக் வைத்து, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு கையில் கவர், மறு கையில் லட்டு. எல்லாரும் கை தட்ட வேண்டும். செல்போனில் ஒரு படம். சாயங்காலத்துக்குள் அந்தப் படம் கம்பெனி வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். கவருக்குள் என்ன இருக்கிறது என்பது மட்டும் படத்தில் விழாது.

இரண்டு வருடத்துக்கு முன்பு இப்படி ஒரு நாளில் செங்கல்வராயன் மேடைக்குப் போனார். கவரை வாங்கினார். வழக்கமாக யாரும் அங்கே பிரிப்பதில்லை, இவர் பிரித்தார். நின்ற இடத்திலேயே படித்துவிட்டு, கவரை மனிதவள அதிகாரி பிரசன்னாவின் கையிலேயே திரும்ப வைத்தார்.

“இது எனுக்கு வோணாம் சார்.”

பிரசன்னா சிரித்தான். பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள்.

“எது வேண்டாம் அண்ணே, லட்டா, லெட்டரா?”

“லட்டு குடு. லெட்டர் வோணாம்.”

சம்பளத்தை ஏற்றாதே என்று ஒரு மனிதர் நாலு பேர் முன்னால் கேட்க வேண்டி வந்தது. அதைக் குரலைத் தாழ்த்திக்கொண்டு நாகரிகமாகச் சொல்வதற்கில்லை.

செங்கல்வராயனுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. அத்திப்பட்டு பழைய ஊர்க்காரர். பத்தாவதோடு படிப்பை விட்டு, அந்தக் கம்பெனியில் எடுபிடியாகச் சேர்ந்து, பிரஸ் ஆபரேட்டர் ஆனவர். இருசக்கர வண்டிகளுக்கான இரும்புப் பட்டைகளை வெட்டி வளைக்கும் பெரிய பிரஸ் அது. ஒவ்வொரு சரக்குக்கும் அதன் அச்சை மாற்றிப் பொருத்த வேண்டும். பொருத்துவதில் தலைமுடி அளவு பிசகினால் அன்றைய சரக்கு முழுவதும் குப்பைக்குப் போகும். அவர் பொருத்தினால் போகாது. அந்த ஒரு காரணத்தைச் சொல்லி மூன்று வருடம் மேஸ்திரியையும் மேனேஜரையும் நச்சரித்து, சீனியர் ஆபரேட்டர் பதவியைக் கேட்டு வாங்கியிருந்தார். அதை வாங்கிய அன்று வீட்டுக்குப் போகும் வழியில் பிரியாணி பொட்டலம் கட்டிக்கொண்டு போனார். தன் கழுத்துக்குத் தானே கயிறு வாங்கிக்கொண்டு போகிறோம் என்று பாவம், அப்போது தெரியாது.

மனைவி கன்னியம்மாள், ஆவடி பக்கத்து முத்தாபுதுப்பேட்டைப் பெண். வாய் ஓயாத மனுஷி. ஒரே மகளை ஐயப்பன்தாங்கலில் கட்டிக்கொடுத்த மறு வருடம் அவளுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. நடந்ததால் வந்த வீக்கம் என்றார்கள், உப்பு வீக்கம் என்றார்கள். கடைசியில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். அதிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் அவளுக்கு டயாலிசிஸ். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஒரு காசு கொடுக்க வேண்டாம். செங்கல்வராயன் சம்பளத்தில் மாதாமாதம் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களே, அந்தத் தொழிலாளர் காப்பீட்டில் எல்லாம் நடந்தது.

ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மோர் என்றால் உயிரை விடுபவள் இப்போது ஒரு வாய் மோரை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்புவாள். “ருசி பாக்கறதுக்கு எவனும் தட சொல்லலியே” என்பாள். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நம்பர் படுக்கை அவளுடையது. நர்ஸ்களின் குடும்பக் கதை எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

இப்போது அந்தக் கவருக்கு வருவோம். செங்கல்வராயனின் சம்பளம் அதுவரை இருபதாயிரத்து அறுநூறு. சீனியர் ஆபரேட்டருக்கு அந்த வருடம் நானூற்றைம்பது உயர்வு. மொத்தம் இருபத்தோராயிரத்து ஐம்பது. ஈ.எஸ்.ஐ.க்கு ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள்: மாதச் சம்பளம் இருபத்தோராயிரத்தைத் தாண்டினால் நீ ஏழையில்லை, உனக்குக் காப்பீடு இல்லை. ஐம்பது ரூபாய் தாண்டினாலும் தாண்டியதுதான். இரண்டாயிரத்துப் பதினேழில் கிழித்த கோடு. அதற்குப் பிறகு பால் விலை ஏறியது, வாடகை ஏறியது, கேஸ் ஏறியது. கோடு மட்டும் அசையவில்லை. ஆஸ்பத்திரிக்காரன் பில்லும் அதைப் பார்த்து நிற்கவில்லை.

இதில் வயிறு எரியும் சங்கதி இன்னொன்று உண்டு. தொழிலாளிக்குப் பிடிப்பது கொஞ்சம்தான். கம்பெனி தன் பங்காக அதைவிட நாலு மடங்குக்கு மேல் கட்ட வேண்டும். செங்கல்வராயனுக்காகக் கம்பெனி கட்டியது மாதம் அறுநூற்று எழுபது ரூபாய் போல. அவர் கோட்டைத் தாண்டிவிட்டால் அது மிச்சம். ஆக, நானூற்றைம்பது கொடுத்து அறுநூற்று எழுபதை மிச்சம் பிடித்து, லட்டும் கொடுத்து, படமும் எடுத்துக்கொண்டார்கள். சம்பளத்தை உயர்த்துவதில் லாபம் பார்க்கிற வித்தை இவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் நடந்தது என்று சொன்னால் சின்னக் குழந்தைகூட நம்பாது.

மறுநாள் பிரசன்னாவின் அறைக்குப் போனார் செங்கல்வராயன். பிரசன்னா தென்காசிப் பக்கத்துப் பையன். அயப்பாக்கத்தில் ஃப்ளாட் எடுத்துக் குடியிருக்கிறான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஆனால் கெட்ட விஷயத்தைச் சிரித்த முகத்தோடு சொல்வதற்கென்றே படித்து வந்தவன்.

“உக்காருங்க அண்ணே. என்ன பிரச்சனை?”

“நானூத்தம்பது ஏத்திகீறீங்களே, அத எடுத்துடுங்கோ சார். போன வருஷ சம்பளமே போதும்.”

“அண்ணே, சிஸ்டத்துல ஏத்தியாச்சு. ஏத்துனத இறக்க முடியாது. இதுவரைக்கும் யாருமே கேட்டது கிடையாதே!”

“கேக்க மாட்டாங்கோ. எனுக்கு ஈ.எஸ்.ஐ. பூடும் சார். எங்க ஊட்ல டயாலிசிஸ்ல கீது.”

“உடனே நின்னுடாது அண்ணே. ஏற்கெனவே கட்டினதுக்கு டிசம்பர் வரைக்கும் பாப்பாங்க.”

“ஜனவரில?”

பிரசன்னா மேசை மேலிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மூடினான்.

“அதுக்குத்தான் நம்ம கம்பெனி மெடிக்ளைம் இருக்கே. ஈ.எஸ்.ஐ. தாண்டினவங்களுக்கு அதைப் போட்டுருவோம்.”

“அதுல எங்க ஊட்டுக்காரிக்குப் பாப்பாங்களா?”

“அது... எம்ப்ளாயிக்கு மட்டும். ஃபேமிலிக்குத் தனியா பணம் கட்டணும். கட்டினாலும் ஏற்கெனவே இருக்கற வியாதின்னா மூணு வருஷம் காத்திருக்கணும்.”

“மூணு வருஷம் ரத்தத்த சுத்தம் பண்ணாம வெச்சிருந்து, அப்பால இட்டுகினு வர்ட்டா?”

பிரசன்னாவுக்கு முகம் கறுத்துவிட்டது. அவனும் சும்மா இருக்கவில்லை. அவன் தரப்பையும் சொல்லத்தான் வேண்டும். அந்த நானூற்றைம்பதை மாதச் சம்பளத்தில் சேர்க்காமல் வருடக் கடைசியில் போனஸோடு மொத்தமாகக் கொடுத்தால் கோடு தாண்டாது என்று தலைமை அலுவலகத்துக்கு மெயில் போட்டான். ஒருவருக்காக விதியை வளைக்க இயலாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. அவன் அதைக் காட்டி, “எனக்கும் பாருங்க அண்ணே, சேரும்போது வருஷத்துக்கு எவ்வளவோ லட்சம்னு சொன்னாங்க. பி.எஃப்., டாக்ஸ் எல்லாம் பிடிச்சு கைக்கு வர்றப்போ பாதி கூட நிக்கல” என்று தன் குறையைச் சொன்னான்.

“உனுக்கு வரி புடிக்கறாங்கோ, நீ மாசாமாசம் பொலம்புவே. எனுக்கு உசுரு புடிக்கறாங்கோ சார்” என்றார் செங்கல்வராயன்.

பிரஸ் ஷாப்பில் இதைக் கேட்டவர்கள் முதலில் சிரித்தார்கள். பக்கத்து மெஷின் இளங்கோ, “அண்ணாத்தே, உனுக்கு கிராக்கா? அவனவன் பத்து ரூபா ஏத்த மாட்டானான்னு அலஞ்சிகினு கீறான், நீ இன்னான்னா வந்தத திருப்பிக் குடுக்கற. ட்ரீட் வெக்கணும்னு பயந்துகினியா?” என்று கேட்டான். உயர்வு வந்தால் செக்‌ஷனுக்கே டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுப்பது அங்கே வழக்கம். செங்கல்வராயன் அவனுக்கும் சேர்த்து எட்டுப் பேருக்குப் போண்டா வாங்கிக் கொடுத்தார். தின்றுகொண்டிருக்கும்போது விஷயத்தைச் சொன்னார். இளங்கோ பாதிப் போண்டாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். அதற்குப் பிறகு அவன் கிண்டல் செய்யவில்லை.

வேறு வழிகளையும் பார்க்காமல் இல்லை. காசு கொடுத்துச் செய்து பார்க்கலாமா என்று ஆஸ்பத்திரியில் விசாரித்தார். ஒரு தடவைக்குக் கேட்ட தொகையை மாதத்துக்குப் பெருக்கினால் அவர் சம்பளத்தில் அரிசி வாங்கக்கூட மிஞ்சாது. சர்க்கார் காப்பீட்டு அட்டைக்குப் போனால், உங்கள் வருமானம் அதிகம் என்றார்கள். ஈ.எஸ்.ஐ.க்கும் வருமானம் அதிகம், சர்க்கார் அட்டைக்கும் வருமானம் அதிகம். இத்தனை இடத்தில் பணக்காரர் என்று பெயர் வாங்கிய செங்கல்வராயன், பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். சர்க்கார் பெரிய ஆஸ்பத்திரியில் இலவசமாகச் செய்கிறார்கள்தான். ஆனால் மெஷினுக்கு வரிசை, அங்கே போய் வர அரை நாள், பாதி வழியில் தலைசுற்றி உட்காரும் ஒருத்தியை வாரம் இரண்டு முறை ரயிலேற்றி இறக்க வேண்டும். வேலைக்கு எப்போது போவது?

கடைசியில் வழியைக் கண்டுபிடித்தது கம்பெனிதான். கடிதத்தில் ஏற்றிய சம்பளத்தை இறக்க முடியாது. ஆனால் ஒரு தொழிலாளி தானாக முன்வந்து கீழ்ப் பதவியைக் கேட்டால் அந்தப் பதவிக்குரிய சம்பளத்தைக் கொடுக்கலாம். அதற்குச் சிஸ்டத்தில் இடமிருந்தது. ஏறுவதற்கு இல்லாத வளைவு நெளிவெல்லாம் இறங்குவதற்கு இருந்தது பாருங்கள்!

“சீனியர் ஆபரேட்டர் வேண்டாம், ஆபரேட்டரும் வேண்டாம், ஹெல்பர் கிரேடுல வெச்சுக்கங்கன்னு நீங்களே எழுதிக் குடுக்கணும் அண்ணே. வெறும் ஆபரேட்டர்னாலும் உங்க சர்வீஸுக்குக் கோடு தாண்டிரும். ஹெல்பர்னா இருபதாயிரத்து முந்நூறுல நிறுத்தித் தர்றேன்” என்றான் பிரசன்னா.

“நானா கேக்கற மாரியா?”

“ஆமா. சொந்த விருப்பத்தின் பேரில்.”

சொந்த விருப்பம்! இருபது வருடத்துக்கு மேல் அந்த பிரஸ்ஸோடு மல்லாடியவர், பெருக்கிச் சுமக்கும் வேலைக்குத் தன்னைத் தானே அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கோபம் வந்தால் அவருக்குக் காதுதான் சிவக்கும். அன்று காது இரண்டும் சிவந்து கிடந்தது என்று பிரசன்னாவே பின்னால் சொன்னான்.

நீலச் சட்டையை வாங்கிக்கொண்டு சாம்பல் நிறச் சட்டை கொடுத்தார்கள். ஆபரேட்டருக்கு நீலம், ஹெல்பருக்குச் சாம்பல். சட்டை மாறியது, பதவி மாறியது, முந்நூறு ரூபாய் குறைந்தது. வேலை மட்டும் மாறவில்லை. மூன்றாம் நாளே மேஸ்திரி வந்து, “செங்கல்வராயா, அச்ச மட்டும் கொஞ்சம் பொருத்திக் குட்த்துடு, புதுப் பையனுக்குப் புடிபடல” என்றார். அந்த வாரத்திலிருந்து தினமும் அவர்தான் பொருத்தினார். சீனியர் ஆபரேட்டர் செய்யும் வேலை, ஹெல்பருக்குக் கொடுக்கும் சம்பளம். கம்பெனிக்கு இதைவிட நல்ல வியாபாரம் எங்கே கிடைக்கும்?

வீட்டில் சொல்லாமல் மறைக்கத்தான் பார்த்தார். சாம்பல் சட்டையைப் பைக்குள் சுருட்டி வைத்து, வேறு சட்டையோடு வந்தார். ஆனால் துணி துவைப்பவளிடம் எத்தனை நாள் மறைப்பது? ஒரு ஞாயிற்றுக்கிழமை கன்னியம்மாள் அதை உதறி விரித்துப் பிடித்தாள்.

“இன்னாயா இது? யாரோட சட்ட இது?”

“என்துதான்.”

“நீ இன்னா பெருக்கற வேலைக்கா போற?”

சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழுவாள் என்று நினைத்தார். ‘என்னால்தானே உனக்கு இந்தக் கதி’ என்பாள், சமாதானம் சொல்ல வேண்டும் என்று வார்த்தையெல்லாம் தயாராக வைத்திருந்தார். கன்னியம்மாளுக்கு அழுகை வரவில்லை. சட்டையைத் தரையில் அடித்த அடியில் தண்ணீர் அவர் முகத்தில் தெறித்தது.

“இவ்ளோ வருஷமா மாசாமாசம் புட்ச்சானுங்களே, அது எவன் அப்பன் ஊட்டு துட்டு? உன் துட்டு! நீ ஒரு நாளு கூட நோவுன்னு படுக்காம கட்டிகினே இருந்தே. அப்பல்லாம் வாங்கினானுங்க. இப்ப எனுக்கு நோவு வந்தப்புறம் நீ பணக்காரனாயிட்டியா? பிச்ச கேக்கற மாரி இன்னாத்துக்குய்யா போய் நின்ன?”

“நிக்காம? உன்ன வுட்டுட சொல்றியா?”

அவளுக்கு மூச்சு வாங்கியது. உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். அன்றைய அளவில் அது கூடுதல்தான். அவர் தடுக்கவில்லை. பிறகு அவளே அந்தச் சட்டையை அலசிப் பிழிந்து, தெருவில் போகிறவர் வருகிறவர் பார்க்கும்படி வாசல் கொடியில் போட்டாள்.

“காயட்டும். நாம இன்னா திருடிகினா வந்தோம்?” என்றாள்.

செவ்வாயும் வெள்ளியும் மூன்றாம் நம்பர் படுக்கையில் டயாலிசிஸ் நிற்காமல் நடந்தது. டிசம்பர் போய் ஜனவரி வந்தது. ஈ.எஸ்.ஐ. அட்டையைக் காட்டியபோது உள்ளே விட்டார்கள். செங்கல்வராயன் கேட்டது அவ்வளவுதான். அதோடு இந்தக் கதை முடிந்திருந்தால் ஒரு மனிதர் தன் மனைவிக்காகத் தாழ்ந்து போனார் என்று சொல்லி விட்டுவிடலாம். கம்பெனி விடவில்லை.

அடுத்த வருடம் எஸ்டேட்டில் ஆள் நிற்கவில்லை. ஒரகடம் பக்கம் கூடுதல் கூலி என்று பையன்கள் ஓட ஆரம்பித்தார்கள். அதனால் உயர்வை ஆயிரத்து ஐந்நூறாகக் கொடுத்தே தீர வேண்டிய கட்டாயம். கொடுக்க மனசு வருமா? தலைமை அலுவலகத்தில் யாருக்கோ செங்கல்வராயன் ஞாபகம் வந்தது. கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த நாற்பது பேருக்கும் ஒரு விருப்பக் கடிதம் அச்சடித்தார்கள். ‘குடும்பத்தின் மருத்துவப் பாதுகாப்பை முன்னிட்டு, இந்த ஆண்டின் சம்பள உயர்வை என் சொந்த விருப்பத்தின் பேரில் விட்டுக்கொடுக்கிறேன்.’ தலைப்பில் ‘தொழிலாளர்களின் வேண்டுகோளை ஏற்று’ என்று வேறு போட்டிருந்தார்கள். வேண்டிக்கொண்ட தொழிலாளி ஒரே ஒருவர். அவர் வேண்டிக்கொண்டது இதையில்லை.

கடிதம் கொடுக்கும் நாளுக்கு முதல் நாள் பிரசன்னா அவரைக் கூப்பிட்டான்.

“அண்ணே, நாளைக்கு நீங்க மைக்ல ரெண்டு வார்த்த பேசணும். ஈ.எஸ்.ஐ.யால உங்களுக்கு எவ்வளவு உதவியா இருக்குன்னு. பசங்களுக்குப் புரியும்.”

“புர்ஞ்சிகினு?”

“கையெழுத்துப் போடுவாங்க.” சொல்லிவிட்டு அவன் குனிந்துகொண்டான். “மேல சொல்லச் சொன்னாங்க அண்ணே. உங்க கிரேடு விஷயமும் வருஷா வருஷம் அவங்க ஓகே பண்ணாத்தான். பாத்துப் பேசுங்க.”

மிரட்டலைக்கூட வேண்டுகோள் மாதிரிச் சொல்லத் தெரிந்தவன். அந்த வேலை போனால் கோடு என்ன, அட்டை என்ன, எல்லாமே போய்விடும். செங்கல்வராயனுக்கு அது தெரியாதா? வீட்டுக்குப் போய்க் கன்னியம்மாளிடம் சொன்னார்.

“இன்னா பேசப் போற?” என்று கேட்டாள்.

“தெர்ல.”

“பொய் மட்டும் சொல்லாத. என்ன காட்டி அந்தப் பசங்க வயித்துல அடிச்சானுங்கன்னா, அந்த மெஷின்ல படுக்க எனுக்கு மனசு வராது” என்றாள்.

மறுநாள் கேன்டீனில் நாற்காலி போட்டிருந்தது. லட்டு இருந்தது. நாற்பது கடிதங்களும் ஒரு மேசையில் அடுக்கியிருந்தன, பக்கத்தில் பேனா. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் கல்யாணம் ஆகாத பையன்கள். ‘ஈ.எஸ்.ஐ. போனால் அவ்வளவுதான், தெருவில் நிற்க வேண்டும்’ என்று இரண்டு நாளாக மேஸ்திரிகளை விட்டுச் சொல்ல வைத்திருந்ததில் அவர்கள் முகத்தில் கிலி தெரிந்தது. செங்கல்வராயன் சாம்பல் சட்டையோடு மைக் முன்னால் போய் நின்றார். காது இரண்டும் சிவந்திருந்தது.

“எனுக்குப் பேச வராது” என்று ஆரம்பித்தார். “எம் பொண்டாட்டிக்கு ரெண்டு கிட்னியும் பூட்ச்சி. ஈ.எஸ்.ஐ. இல்லன்னா அது இல்ல. அதுக்கோசரம் எங்கூலிய நானே கொற்ச்சிகினேன். சந்தோசமா ஒண்ணும் பண்ல. ஒடம்புல கத்தி வெச்சா எவனும் பண்ணுவான். நோவும் பாக்கணும், கூலியும் ஏறணும், அதான்யா நாயம். ரெண்டுல ஒண்ண எட்த்துக்கோன்றது நாயமே இல்ல.”

பிரசன்னா மைக்கை வாங்க எழுந்தான். செங்கல்வராயன் அதை விடவில்லை.

“உங்க ஊட்ல யாருனா அந்த மாரி படுத்துகினு கீறாங்களா, போய் கையெழுத்துப் போடு. யாரும் தப்பா பேச மாட்டாங்கோ. அப்படி யாரும் இல்லியா, அந்தப் பேனாவத் தொடாத.”

மைக்கை மேசையில் வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். யாரும் கை தட்டவில்லை. முன்வரிசைப் பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், எழுந்திருக்கவில்லை. பிரசன்னா பேனாவையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து மூன்று பேர் எழுந்தார்கள். நடுவரிசையிலிருந்து ஒருவர், கதவோரத்திலிருந்து ஒருவர், மூன்றாவதாகப் போண்டாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றானே, அந்த இளங்கோ. அவன் வீட்டில் யாருக்கு என்ன என்று அதுவரை யாருக்கும் தெரியாது. மூன்று பேரும் யாரையும் பார்க்காமல் மேசைக்குப் போய்த் தங்கள் கடிதத்தைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள்.